எலியாவின் 'யா'

பிற்பகல் மூன்று மணிவாக்கில், சிலுவையில் தொங்கும் இயேசு உரத்த குரலில் கூப்பிடுகிறார்: "ஏலி, ஏலி, லாமா சபக்தானி." என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று அதற்கு அர்த்தம். பக்கத்தில் நின்ற சிலருக்கு அது வேறு மாதிரி காதில் விழுகிறது. "இவன் எலியாவைக் கூப்பிடுகிறான்" என்கிறார்கள். ஒருவன் ஓடிப்போய்க் கடற்காளானைக் காடியில் தோய்த்து நீட்டுகிறான். மற்றவர்கள், "பொறு, எலியா வந்து இவனை இரட்சிப்பாரோ பார்ப்போம்" என்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் 27-ஆம் அதிகாரத்தில் வரும் காட்சி இது. கேட்டவர்களின் காதில் கோளாறு என்று இதைக் கடந்து போய்விடலாம். ஆனால் அவர்கள் காதில் விழுந்தது பாதிக்குப் பாதி சரி. 'ஏலி' என்றால் 'என் கடவுள்'. பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி எலியாவின் பெயரில் முதல் பாதியும் அதேதான். அந்தப் பெயரை யார் கூப்பிட்டாலும் முதலில் 'என் கடவுளே' என்றுதான் வாயைத் திறக்க வேண்டும்.

இரண்டாவது பாதிதான் விஷயமே.

எபிரேயத்தில் முழுப் பெயர் எலியாஹு. பிரித்தால் ஏல், ஈ, யாஹு. 'ஏல்' கடவுள். நடுவில் வரும் 'ஈ' என்னுடைய என்பதைக் குறிக்கும் விகுதி. 'யாஹு' என்பது இஸ்ரவேலரின் கடவுளுடைய தனிப்பெயரின் சுருக்கம். யோத், ஹே, வாவ், ஹே என்று நான்கு எழுத்துகளில் எழுதப்படும் பெயர் அது. யாவே என்றும் யெகோவா என்றும் நாம் வாசிக்க முயல்வது அதைத்தான். ஆக, எலியா என்றால் 'என் கடவுள் யா'.

இதை ஆங்கிலத்தில் சொல்ல நடுவே ஒரு வினைச்சொல்லைச் செருக வேண்டும். எபிரேயத்துக்கு அது தேவையில்லை, தமிழுக்கும் தேவையில்லை. "என் ஊர் மதுரை" என்று இரண்டு பெயர்ச்சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே நமக்கு வாக்கியம் முடிந்துவிடும். எலியாவும் அப்படி முடிந்துபோன வாக்கியம்தான். சரி, அதில் அழுத்தம் எங்கே விழுகிறது? எபிரேயப் பெயர் அதைச் சொல்லாது, பெயருக்குச் சொந்தக்காரர் வாழ்ந்த காலம் சொல்லும். தமிழில் ஒரு 'தான்' போட்டால் சரியாக உட்காரும்: யாதான் என் கடவுள்.

பைபிள் பெயர்களோடு வளர்ந்த தமிழ்க் காதுக்கு இந்த இரண்டு துண்டுகளும் பழக்கமானவைதான், அடையாளம் தெரியாமலே. சாமுவேல், தானியேல், இம்மானுவேல், நாத்தான்வேல் என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். நமக்கு அங்கே முருகனின் வேல் கேட்கும். உண்மையில் அது 'ஏல்'. ஏசாயா, எரேமியா, ஒபதியா, செப்பனியா, நெகேமியா என்று இன்னொரு வரிசை. அங்கே கேட்கும் 'யா'தான் இந்த யா. முதல் வரிசையின் கடவுளும் இரண்டாம் வரிசையின் கடவுளும் ஒரே பெயரில் சந்திக்கும் இடம் எலியா. யோவேல் என்ற தீர்க்கதரிசியின் பெயரும் அப்படியே, துண்டுகள் மட்டும் இடம் மாறியிருக்கும். பெயருக்கு வெளியே இந்த யாவை நாம் ஓயாமல் சொல்வது அல்லேலூயாவில். 'ஹல்லேலு' என்றால் துதியுங்கள். யாரை என்பதற்குக் கடைசி அசை பதில்.

பெயரில் கடவுளை வைப்பது உலகமெங்கும் உள்ள வழக்கம்தானே, இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். நம் ஊரில் முருகதாசும் சிவகுமாரும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஒபதியா என்றால் யாவின் அடிமை. அப்துல்லா என்பதும் கிட்டத்தட்ட அதே பெயர். ஆனால் இந்தப் பெயர்களெல்லாம் ஒருவரைக் கடவுளோடு உறவாக்கி வைக்கும்: தாசன், பாலன், அடிமை. எலியா என்ற பெயரில் உறவு இல்லை, அறிவிப்புதான் இருக்கிறது. போதாக்குறைக்கு, அந்த அறிவிப்புக்கு ஒரு எதிர்க்கட்சியும் இருந்தது.

கி.மு. 9-ஆம் நூற்றாண்டு. வட இஸ்ரவேலின் ராஜா ஆகாப். கி.மு. 853-இல் கர்க்கார் என்ற இடத்தில் அசீரியரை எதிர்த்து நின்ற கூட்டணியில் இவர் பெயர் அசீரியக் கல்வெட்டிலேயே இருக்கிறது, ஆகவே காலம் பற்றிச் சந்தேகமில்லை. ராணி யேசபேல் சீதோனியரின் ராஜா ஏத்பாகாலின் மகள். மாமனாரின் பெயரிலேயே பாகால் இருப்பதைக் கவனியுங்கள். பாகால் அவனோடு இருக்கிறார் என்பது அந்தப் பெயரின் பொருள். பாகால் மழைக்கும் இடிக்கும் உரிய தெய்வம். ஆகாப் தலைநகர் சமாரியாவில் பாகாலுக்குக் கோயில் கட்டினார்.

இங்கேதான் எனக்குப் பிடித்த ஒரு முரண் வருகிறது. பாகாலுக்குக் கோயில் கட்டிய அதே ஆகாப் தன் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்கள் என்ன? அகசியா: யா பிடித்துக்கொண்டார். யோராம்: யா உயர்ந்தவர். அந்தக் குடும்பத்துப் பெண் அத்தாலியாளின் பெயரிலும் யா ஒளிந்திருக்கிறது. அதாவது ஆகாப் யாவைத் தூக்கி எறிந்தவர் அல்ல. இரண்டும் இருக்கட்டுமே, என்ன கெட்டுப்போகிறது என்று நினைத்தவர். அரண்மனை விசாரிப்புக்காரரின் பெயர்கூட ஒபதியாதான்.

இந்த வீட்டு வாசலில்தான் ஒருவர் வந்து நிற்கிறார். கீலேயாத்தின் குடிகளில் ஒருவர், திஸ்பியன். அப்பா பெயர் சொல்லப்படவில்லை. பைபிளில் இது அபூர்வம். அவருடைய சீடர் எலிசாவுக்கே 'சாப்பாத்தின் குமாரன்' என்ற முன்னொட்டு உண்டு. நம்மூர்க் கணக்கில் சொன்னால், எலியா இனிஷியல் இல்லாத ஆள். அவரிடம் இருந்ததெல்லாம் அந்தப் பெயர்தான். யா இருக்கட்டும், பாகாலும் இருக்கட்டும் என்று நினைக்கும் ராஜாவின் முன்னால் 'யாதான் என் கடவுள்' என்ற பெயரோடு நிற்கிறார். வாயைத் திறக்குமுன்பே பாதிப் பிரசங்கம் முடிந்துவிட்டது.

கர்மேல் மலையில் அவர் ஜனங்களைப் பார்த்துக் கேட்கும் கேள்வியைப் பழைய தமிழ் வேதாகமம் அழகாகச் சொல்கிறது: "நீங்கள் எந்தமட்டும் இரண்டு நினைவுகளால் குந்திக்குந்தி நடப்பீர்கள்?" நொண்டுகிறவன் இரண்டு பக்கமும் சாய்ந்து நடக்கிற நடை அது. பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேர் ஒரு பக்கம், இவர் ஒருவர் ஒரு பக்கம். வானத்திலிருந்து தீ இறங்கிப் பலியைப் பட்சிக்கிறது. ஜனங்கள் முகங்குப்புற விழுந்து சொல்கிறார்கள்: "கர்த்தரே தெய்வம், கர்த்தரே தெய்வம்." தமிழில் படிக்கும்போது இது தப்பிப்போய்விடும், எபிரேயத்தில் தப்பாது. கடவுளின் பெயரையும் கடவுள் என்ற சொல்லையும் பக்கத்தில் வைத்து, 'அவரே' என்று அழுத்திச் சொல்லும் வாக்கியம் அது. கிட்டத்தட்ட எலியாவின் பெயரைத்தான் திருப்பிப் போட்டுக் கத்துகிறார்கள். தனி ஒருவரின் பெயர் ஒரு கூட்டத்தின் கோஷமாகிவிட்டது. யூதர்கள் யோம் கிப்பூர் நோன்பை முடிக்கும் நேரத்தில், பசியும் களைப்புமாக நின்றுகொண்டு, இதே வாக்கியத்தை இன்றும் ஏழு முறை உரக்கச் சொல்கிறார்கள்.

பெயர்கள் அந்தக் காலத்தில் இப்படிக் கட்சி கட்டி நின்றதற்கு மண்ணுக்குள்ளிருந்தும் சாட்சி கிடைத்திருக்கிறது. 1910-இல் சமாரியாவில் ஆகாபின் அரண்மனை இருந்த இடத்தைத் தோண்டியவர்களுக்கு மையால் எழுதிய ஓட்டுச் சில்லுகள் கிடைத்தன. எல்லாம் கி.மு. 8-ஆம் நூற்றாண்டுக் கணக்குச் சீட்டுகள்: இன்ன ஊரிலிருந்து இன்னாருக்கு ஒரு ஜாடி பழைய திராட்சை ரசம், ஒரு ஜாடி எண்ணெய். கீழடி ஓட்டில் 'ஆதன்' என்று கீறிய பெயரைப் பார்த்து நாம் பரவசப்பட்டோமே, அது போலத்தான் இதுவும். இந்தச் சில்லுகளில் காதியாவ், செமார்யாவ் என்று யாவை வைத்த பெயர்களும் இருக்கின்றன. அபிபாகால், மெரிபாகால் என்று பாகாலை வைத்த பெயர்களும் இருக்கின்றன. எலியாவுக்குப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் குந்திக்குந்தி நடப்பது நிற்கவில்லை என்று தெரிகிறது.

இந்தச் சில்லுகள் இன்னொன்றையும் காட்டுகின்றன. வடநாட்டார் பெயர் முடிவை 'யாவ்' என்று எழுதினார்கள், தெற்கே யூதாவில் 'யாஹு' என்று எழுதினார்கள். நம்முடைய ஆள் வடக்கே வாழ்ந்தவர். ஆகவே அவர் ஊர்க்காரர்கள் அவரை எலியாவ் என்று கூப்பிட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். கதையை ஏடுகளில் காப்பாற்றிக் கொடுத்தது தெற்கத்தி எழுத்தர்கள் என்பதால் எலியாஹு நிலைத்துவிட்டது. ஒரு வேடிக்கை: மலையாள வேதாகமத்தில் அவர் பெயர் ஏலீயாவ். மலையாள இலக்கணம் தன் போக்கில் ஒட்டிய வகரம் அது, சமாரியாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் காதில் விழும்போது பழைய வடநாட்டுக் குரல் மாதிரியே இருக்கிறது.

தெற்கத்தி 'யாஹு' இன்று நம் வீட்டு டிவியில் தினமும் ஒலிக்கிறது. நெதன்யாகு என்றால் 'யாஹு தந்தார்'. அந்தக் குடும்பத்தின் பழைய பெயர் மிலெய்க்கோவ்ஸ்கி. பாலஸ்தீனத்துக்குக் குடியேறியவர்கள் எபிரேயப் பெயர் சூட்டிக்கொண்ட வழக்கத்தில் வந்தது புதுப்பெயர். தமிழ் பைபிளின் நாத்தான்வேலும் இவரும் பெயரளவில் அண்ணன் தம்பி. அங்கே தந்தவர் ஏல், இங்கே யாஹு. எதிர்முகாமிலும் இப்படிச் சகோதரப் பெயர்கள் உண்டு. ரோமை நடுங்கவைத்த கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் ஃபினீசிய வழியில் வந்தவர். ஹன்னிபால் என்றால் 'பாகால் அருளினார்'. அதே 'ஹனன்' என்ற வேர்ச்சொல்லில் பாகாலை எடுத்துவிட்டு யாவை வைத்தால் யோகனான், அதாவது யோவான். தமிழ்க் கத்தோலிக்கர்கள் அந்தப் பெயரைப் பொருள் பார்த்து அருளப்பர் என்றே மொழிபெயர்த்துக்கொண்டார்கள். பவுல் சின்னப்பர் ஆனதும், ஸ்தேவான் முடியப்பர் ஆனதும் அப்படித்தான். எலியாவுக்கு மட்டும் அந்த யோகம் வாய்க்கவில்லை, எலியாவாகவே இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயருள்ள பையனை மற்ற பையன்கள் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது ஒரு சிக்கல். யூதர்கள் அந்த நான்கெழுத்துப் பெயரை உச்சரிப்பதை வெகுகாலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். ஏட்டில் அது வரும் இடமெல்லாம் 'அதோனாய்', என் ஆண்டவர் என்று வாசிப்பார்கள். அந்த மரியாதையின் வால்தான் நம் பைபிளில் வரும் கர்த்தர் என்பதும் ஆண்டவர் என்பதும். எச்சரிக்கை எவ்வளவு தூரம் போகும் தெரியுமா? எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. 15-ஐ எழுத முறைப்படி 10-க்குரிய யோத்தும் 5-க்குரிய ஹேயும் போதும். ஆனால் அந்த இரண்டும் சேர்ந்தால் 'யா' ஆகிவிடும். அதனால் 9-க்குரிய தேத்தையும் 6-க்குரிய வாவையும் போட்டுச் சுற்றி வளைத்து 15 எழுதுகிறார்கள். தேதி போடும் இடத்திலும் இதே கதைதான். இத்தனை கவனமாக இருக்கிறவர்கள், எலியாஹு என்று பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடும்போது மட்டும் தயங்குவதில்லை. வாய்விட்டுச் சொல்லக்கூடாத பெயரின் ஒரு துண்டு, மனிதப் பெயர்களுக்குள் ஒளிந்துகொண்டு தெருவில் விளையாடிக்கொண்டிருக்கிறது.

எழுத்தெழுத்தாகப் பார்க்கும் இந்தப் பழக்கத்திலிருந்து ஒரு அருமையான கதை பிறந்தது. 11-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு நாட்டு உரையாசிரியர் ராஷி அதைச் சொல்கிறார். வேதத்தில் இஸ்ரவேலரின் மூதாதையான யாக்கோபின் பெயர் வழக்கமாக வாவ் இல்லாமல் எழுதப்படும். ஐந்து இடங்களில் மட்டும் ஒரு வாவ் கூடுதலாக இருக்கிறது. எலியாஹு என்ற பெயர் வழக்கமாக வாவில் முடியும். ஐந்து இடங்களில் மட்டும் அந்த வாவ் இல்லாமல் எலியா என்று நிற்கிறது. நகலெடுத்தவர்களின் கைவாகு என்று நாம் விட்டுவிடுவோம். ராஷி விடவில்லை. யாக்கோபு எலியாவிடமிருந்து ஒரு எழுத்தை அடகாகப் பிடுங்கி வைத்திருக்கிறார் என்கிறார். என் பிள்ளைகளுக்கு மீட்பு வந்துவிட்டது என்று நீ வந்து அறிவிக்கும் நாளில் எழுத்தைத் திருப்பித் தருகிறேன், அதுவரை அது என்னிடமே இருக்கட்டும்! அடகுக்கடைக்காரர் கணக்காக யாக்கோபு உட்கார்ந்திருப்பது என் கண்முன் வந்துபோகிறது.

வாவ் போன எலியாவைத்தான் மற்ற மொழிகள் எடுத்துக்கொண்டன, இன்னும் கொஞ்சம் செதுக்கி. கிரேக்கத்தில் ஆண் பெயர்கள் சகரத்தில் முடிவதுதான் வழக்கம். எலியா எலியாஸ் ஆனார். அங்கேயே யாவின் அர்த்தம் காதிலிருந்து மறைந்துவிட்டது. ஆங்கிலத்தில் எல்லிஸ், எலியட் என்ற பெயர்கள் இந்த எலியாஸிலிருந்து கிளைத்தவை. பழைய ஆங்கில வேதாகமமோ பழைய ஏற்பாட்டில் எலைஜா என்றும் புதிய ஏற்பாட்டில் எலியாஸ் என்றும் எழுதி, ஒரே ஆளை இரண்டு பேராக்கி வைத்தது. எலைஜா இப்போது அங்கே நல்ல மவுசுள்ள பெயர்: 2021-இல் அமெரிக்காவில் பிறந்த ஆண் குழந்தைகளுக்கு அதிகம் சூட்டிய பெயர்களில் நான்காவது இடம். யா அங்கே ஜா ஆகியிருக்கிறது.

அரபியில் இல்யாஸ். குர்ஆனின் 37-ஆவது அத்தியாயத்தில் இல்யாஸ் நபி தம் மக்களிடம், படைப்பவர்களில் மிகச் சிறந்தவனை விட்டுவிட்டு பஅலையா அழைக்கிறீர்கள் என்று கேட்கிறார். ஆக, பழைய எதிரியும் கூடவே வந்திருக்கிறான். தமிழ் முஸ்லிம் வீடுகளில் இலியாஸ், இல்யாஸ் என்று பெயர் வைக்கும்போது அதற்குள் இருக்கும் எபிரேய வாக்கியத்தை யாரும் நினைப்பதில்லை, நினைக்கவேண்டிய அவசியமும் இல்லை. நபியின் பெயர் என்பதே போதும். நபி என்ற சொல்லும் எபிரேய 'நவி'யும் ஒரே வீட்டுச் சொற்கள்தான். ஒரே ஆளைத் தமிழில் தீர்க்கதரிசி எலியா என்று ஒருவர் சொல்வார், இறைவாக்கினர் எலியா என்று இன்னொருவர், இல்யாஸ் நபி என்று மூன்றாமவர். பேச்சிலேயே ஆள் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். துருக்கியில் மே 6-ஆம் தேதி கொண்டாடும் வசந்த விழாவின் பெயர் ஹிதிரெல்லெஸ். ஹிழ்ர் நபியும் இல்யாஸ் நபியும் பூமியில் சந்திக்கும் நாள் என்று இரண்டு பெயரையும் ஒன்றாகப் பிசைந்து வைத்த பெயர் அது.

கேரளத்துக்கு இந்தப் பெயர் சிரியக் கிறிஸ்தவம் வழியாக வந்தது. ஏலியாஸ் அங்கே சர்வசாதாரணம். சிரிய மரபுவழித் திருச்சபையின் முதுபிதா மூன்றாம் இக்னாத்தியோஸ் எலியாஸ் இந்தியா வந்த இடத்தில் 1932-இல் இறந்து பத்தனம்திட்டை பக்கத்தில் மஞ்ஞினிக்கரையில் அடக்கமானார். ஒவ்வொரு பிப்ரவரியிலும் அவர் கல்லறைக்கு ஜனங்கள் நடந்தே போகிறார்கள். 2014-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட சாவரா அருள்தந்தையின் பெயரிலும் குரியாக்கோசுக்கு அடுத்து எலியாஸ் உண்டு. அவர் கார்மேல் சபைக்காரர். அந்தச் சபையின் பெயரே எலியாவின் மலை.

ஆனால் பெயரின் பயணத்தில் எனக்கு மிகவும் வினோதமாகப் படுவது கிரேக்க, ரஷ்யக் கிளைதான். கிரேக்க நாட்டில் மலையுச்சிகளுக்கு 'ப்ரோஃபீதிஸ் இலியாஸ்', தீர்க்கதரிசி எலியா என்று பெயர் வைப்பது வழக்கம். நம் ஊர்க் குன்றுகளில் முருகன் இருப்பதுபோல அங்கே உச்சியில் எலியாவின் சிறு கோயில் இருக்கும். ஸ்பார்ட்டாவுக்கு மேலே நிற்கும் தாய்கெதோஸ் மலையின் சுமார் 2,400 மீட்டர் உச்சிக்கும் இதுதான் பெயர். ரஷ்யாவில் அவர் இல்யா. 945-இல் கியேவின் ரஷ்யர்கள் பைசாந்தியத்தோடு உடன்படிக்கை செய்தபோது, கிறிஸ்தவர்களாக இருந்த ரஷ்யர்கள் புனித எலியாவின் கோயிலில் சத்தியம் செய்தார்கள். மற்றவர்கள் இடித் தெய்வம் பெருனின் சிலை முன்னால் சத்தியம் செய்தார்கள். அப்புறம் பெருன் போனார், அவருடைய வேலையை எலியா பார்க்கத் தொடங்கினார். இடி இடித்தால் எலியா அக்கினித் தேரில் வானத்தில் போகிறார் என்பார்கள். ஆகஸ்ட் 2-ஆம் தேதி அவருடைய திருநாள், அதற்குப் பிறகு ஆற்றில் குளிக்காதே என்று பாட்டிமார் தடுப்பார்கள். இடிக்கும் மழைக்கும் உரிய பாகாலை எதிர்த்து, மழையைத் தருவது யாதான் என்று பெயரிலேயே எழுதி வைத்துக்கொண்டு வந்த மனிதர், கடைசியில் இடிக்கும் மழைக்கும் பொறுப்பாளி ஆகிவிட்டார்.

யூதர்களிடம் அந்தப் பெயர் ஆளை விட்டுவிட்டு ஒரு வேலையின் பெயராகவே மாறியது. எலியா சாகவில்லை, சுழல்காற்றில் ஏறிப்போனார். மல்கியா புத்தகத்தின் கடைசி வரிகள் அவர் திரும்பி வருவார் என்கின்றன. அதனால் எங்கேயும் அவருக்கு ஓர் இடம் போட்டு வைக்கிறார்கள். பஸ்கா விருந்தில் யாரும் தொடாத ஒரு கிண்ணம் ரசம், சாப்பாட்டுக்குப் பின் அவருக்காகத் திறந்துவிடும் வாசல்கதவு. பையனுக்கு விருத்தசேதனம் செய்யும்போது எலியாவின் நாற்காலி. ஜனங்கள் உடன்படிக்கையை விட்டுவிட்டார்கள் என்று ஒரேப் மலையில் புகார் செய்தவர் அல்லவா, விடவில்லை என்பதை ஒவ்வொரு வீட்டிலும் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்பது பழைய விளக்கம். கீழே கிடந்த பொருள் யாருடையது என்று தெரியவில்லையா? எலியா வரும்வரை இருக்கட்டும் என்கிறது மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு. அதன் விரிவுரையான தல்மூதில் தீராத வழக்குகளின் முடிவில் 'தேக்கு' என்று ஒரு சொல் வரும். நிற்கட்டும் என்பது அதன் நேர்ப்பொருள். பிற்காலத்தார் அதன் நான்கு எழுத்துகளைப் பிரித்து, 'கஷ்டங்களையும் கேள்விகளையும் திஸ்பியன் தீர்த்துவைப்பான்' என்று ஒரு வாக்கியம் கண்டுபிடித்தார்கள். இன்று இஸ்ரேலில் கால்பந்து ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தால், டிரா என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் அதே தேக்கு.

இவையெல்லாம் தூரத்து விஷயம். பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் கொங்கண் கரைக்குப் போகலாம். மகாராஷ்டிரத்தின் பெனே இஸ்ரேல் யூதர்களுக்கு எலியாஹு ஹன்னபி, அதாவது தீர்க்கதரிசி எலியா, குலதெய்வம் மாதிரி என்று சொன்னால் அவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் நமக்குப் புரிய வேறு சொல் இல்லை. கல்யாணம், பிரயாணம், நோயிலிருந்து எழுந்தது, வீடு வாங்கியது எதுவானாலும் அவர் பெயரில் மலிதா வைப்பார்கள். நனைத்த அவலில் சர்க்கரையோ வெல்லமோ போட்டு, தேங்காய்த் துருவலும் ஏலக்காயும் முந்திரி திராட்சையும் சேர்த்துப் பிசைந்து ஒரு தட்டில் குவிப்பார்கள். சுற்றிலும் பழங்கள். அந்தத் தட்டை நடுவில் வைத்து எபிரேயத்தில் எலியாஹு ஹன்னவி பாட்டைப் பாடி, ஆசி சொல்லி, பிறகு ஆளுக்குக் கொஞ்சம் பகிர்ந்துகொள்வார்கள். அலிபாக் பக்கத்தில் கண்டாலா என்ற சிற்றூரில் ஒரு பாறை இருக்கிறது. எலியாவின் தேர் வானத்துக்கு ஏறியது இங்கிருந்துதான், பாறையில் தெரிவது சக்கரத்தின் தடமும் குதிரைக் குளம்பின் தடமும் என்று நம்புகிறார்கள். 'எலியாஹு ஹன்னபி ச்சா டாப்பா' என்று மராத்தியில் சொல்வார்கள். அந்தச் சமூகத்தில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். போன இடத்திலும் மலிதா தட்டு நிற்கவில்லை.

இனி சில குழப்பங்கள். சிறுவன் சாமுவேலை வளர்த்த ஆசாரியன் ஏலிக்கும் எலியாவுக்கும் சம்பந்தமில்லை. தமிழில் சிலுவைக் கூக்குரலும் ஆசாரியன் பெயரும் ஒரே 'ஏலி'தான். எபிரேயத்தில் முதலெழுத்தே வேறு. எலிசா என்றால் 'என் கடவுள் இரட்சிப்பு'. தொடக்கம் ஒன்று, முடிவு வேறு. எலி வீசல் எலியேசர் என்ற பெயரின் சுருக்கம், எலியாவின் சுருக்கம் அல்ல. நுவரெலியாவைப் பார்த்து யாராவது கேட்டால், அது சிங்கள 'எளிய', வெளிச்சம் என்று சொல்லிவிடலாம்.

ஒரே ஒரு குழப்பத்தில்தான் விஷயம் இருக்கிறது. யோபுவின் புத்தகத்தில், பெரியவர்கள் மூன்று பேர் பேசி ஓயும்வரை பொறுத்திருந்து, கடைசியில் கோபத்தோடு பேசும் இளைஞன் எலிகூ. எபிரேயத்தில் எலிஹு: 'அவரே என் கடவுள்'. யா இருந்த இடத்தில் 'ஹு', அவர் என்ற வெறும் சுட்டுப்பெயர். சில வசனங்களில் இந்தப் பெயரை எலியாஹுவின் அதே ஐந்து எழுத்துகளில்தான் எழுதியிருக்கிறார்கள். உயிரொலியைக் காட்டும் புள்ளிகளைப் பார்த்துத்தான் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். சென்னைக்காரர்களுக்கு இந்தப் பெயர் வேறு வழியில் தெரியும். 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அவர் பிற்பாடு அனுப்பிய சரக்குகளுக்கு நன்றியாகத்தான் அமெரிக்கக் கல்லூரி ஒன்று 1718-இல் யேல் என்று பெயர் மாற்றிக்கொண்டது. கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் தேவாலயத்தில் 1680-இல் நடந்த முதல் கல்யாணம் அவருடையது. குழந்தையிலேயே இறந்துபோன அவர் மகனுக்குத் தாவீது என்று பெயர் வைத்திருந்தார். அந்தச் சின்னப் பையனின் கல்லறை இப்போதும் உயர்நீதிமன்ற வளாகத்துக்குள், கோபுரம் போலக் கூம்பி உயர்ந்த ஒரு கட்டடத்தின் கீழே இருக்கிறது.